முடிவில் புதியவர் யார்? இறுதிக் காட்சியைப் படிக்கப் பழகுவோருக்கு ஒரு வழிகாட்டி

இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்கு உட்பட்ட ரெயூனியன் தீவின் கிழக்குக் கரையிலுள்ள சேன் ஆந்த்ரேயில், மாதம் ஒரு சனிக்கிழமை, தமிழ் வகுப்பு முடிந்ததும் மேசைகளை ஓரம் தள்ளிவிட்டு வெள்ளைச் சுவரில் ஒரு படம் போட்டுப் பார்த்துப் பேசுவது எங்கள் சிறு குழுவின் வழக்கம். வருபவர்களில் பாதிப்பேர் இந்தத் தீவிலேயே பிறந்தவர்கள். கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் வழிவந்த, இங்கே ‘மலபார்’ என்று அழைக்கப்படும் அவர்களுக்கு வீட்டு மொழி, பிரெஞ்சிலிருந்து திரிந்து உருவான கிரியோல். தமிழை வளர்ந்த பிறகே எழுத்துக்கூட்டிக் கற்கிறார்கள். மீதிப்பேர் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் அண்மையில் வந்தவர்கள். தமிழ் சரளமாக வரும், பிரெஞ்சுதான் இன்னும் தொண்டையில் சிக்கும். இவ்விரு சாராரும் படம் முடிந்து விளக்குப் போட்டதும் கேட்கும் கேள்வி மட்டும் ஒன்றே: “அப்புறம் என்ன ஆச்சு?”

அந்தக் கேள்வியோடு நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஊர்விட்டு ஊர் வந்து ஒருவருமில்லாமல் நிற்கும் ஒருவரைப் பற்றிய படத்தின் முடிவை எப்படிப் படிப்பது என்பதை, ஒரே ஒரு படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நாங்கள் செய்து பார்த்த முறையிலேயே சொல்கிறேன். படம், செனகல் நாட்டு இயக்குநர் உஸ்மான் செம்பேன் 1966இல் எடுத்த ‘லா நுவார் தெ...’. சஹாராவுக்குத் தெற்கே ஆப்பிரிக்கர் ஒருவரே இயக்கிய முழுநீளப் படங்களுள் உலகின் கவனத்தை முதலில் ஈர்த்தது என்று பெயர் பெற்ற இது, கறுப்பு வெள்ளையில், ஏறத்தாழ ஒரு மணி நேரமே ஓடுகிறது. பழகுவதற்கு ஏற்ற அளவு. முடிவைப் பற்றியே பேசப்போவதால், படத்தைப் பார்க்காதவர்கள் முதலில் பார்த்துவிட்டு வருவது நல்லது. முடிவு தெரிந்துவிடுவதால் சுவை கெட்டுவிடாது என்பது என் எண்ணம் என்றாலும், முதல் முறை கிடைக்கும் திகைப்பை உங்களிடமிருந்து பறிக்க எனக்கு உரிமையில்லை.

கதையைச் சுருங்கச் சொல்வதானால், தியூவானா என்னும் இளம்பெண் செனகலின் தலைநகர் டக்காரில் ஒரு பிரெஞ்சுக் குடும்பத்தின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறாள். குடும்பம் பிரான்சுக்குத் திரும்புகிறது. பின்னர் அவளையும் வரவழைத்துக்கொள்கிறது. பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு பிரான்சைச் சுற்றிப் பார்க்கலாம் என்று எண்ணி வந்தவள், ஆந்தீப் என்ற கடலோர ஊரில் ஓர் அடுக்குமாடி வீட்டில் சமைக்கவும் துடைக்கவும் துவைக்கவும் மட்டுமே விடப்படுகிறாள். ஊதியம் தள்ளிப்போகிறது. வெளியே போக வழியில்லை. ஒரு நாள் குளியலறையில் தன் உயிரை மாய்த்துக்கொள்கிறாள். படம் அதோடு முடியவில்லை. இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி, அதற்குப் பின் வரும் சில நிமிடங்களைப் பற்றியதுதான்.

முதலில் ‘சுபம்’ என்ற எதிர்பார்ப்பைக் கழற்றி வைத்தல்

பழைய தமிழ்ப் படங்கள் ‘சுபம்’ என்றோ ‘வணக்கம்’ என்றோ ஓர் அட்டையைக் காட்டி நம்மை வீட்டுக்கு அனுப்பி வைத்தன. கணக்குத் தீர்ந்தது, யாரும் யாருக்கும் பாக்கியில்லை என்று அந்த அட்டை சொல்லும். அப்படி வளர்ந்த கண், அட்டை வராத படத்தைக் கண்டதும் இயக்குநர் பாதியில் விட்டுவிட்டார் என்று நினைக்கிறது. ஆனால் நம்மிடமே இதற்கு நேர்மாறான ஒரு பழக்கமும் இருக்கிறது. இந்தத் தீவில் கிரியோல் வாயில் ‘நார்ல்கோன்’ என்று திரிந்து வழங்கும் நாடகம், அதாவது இரவு முழுக்க நடக்கும் நம் கூத்து, பார்ப்பவருக்கு முடிவு தெரிந்த கதையையே எடுத்துக்கொள்கிறது. அர்ச்சுனன் தவத்தின் பயன் என்னவென்று அறியாமல் யாரும் பாயை விரித்து உட்காருவதில்லை. என்ன ஆகும் என்பதற்காக அல்லாமல், அது எப்படி ஆகிறது, யார் எந்த இடத்தில் நிற்கிறார், யார் கையில் என்ன இருக்கிறது என்பதற்காகவே விடியும்வரை விழித்திருக்கிறார்கள். திரைப்படத்தின் இறுதிக் காட்சிக்கும் அந்தக் கூத்துக் கண்ணைத்தான் கொண்டுபோக வேண்டும்.

கடைசி எழுத்து மறையும்வரை நிறுத்தாமல் பார்த்தல்

இதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. முதன்முறை இந்தப் படத்தைப் போட்டபோது, குளியலறைக் காட்சிக்குப் பிறகு கடற்கரையில் வெயில் காய்பவர்களும் நாளிதழில் வரும் சிறு செய்தியும் தெரிந்ததும், படம் முடிந்துவிட்டது என்று நினைத்து நானே விளக்கைப் போட்டுவிட்டேன். கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டிய இருவர் எழுந்து போய்விட்டார்கள். சுவரில் படம் மங்கலாக ஓடிக்கொண்டே இருப்பதை ஒரு பெண்பிள்ளைதான் பார்த்துச் சொன்னாள். போன இருவரும் இன்றுவரை ஒரு பெண் இறந்துபோகும் படத்தைப் பார்த்தவர்களாகவே இருக்கிறார்கள். இருந்து பார்த்த நாங்கள் பார்த்தது வேறொரு படம்.

ஆகவே முதல் முறை நிறுத்தாமல் பாருங்கள், குறிப்பெடுக்க வேண்டாம். இரண்டாம் முறை இறுதிப் பகுதியை மட்டும் போட்டு, ஒரு தாளில் நடுவே கோடு கிழித்து, இடப்பக்கம் ‘கண்டது’ என்றும் வலப்பக்கம் ‘கருதியது’ என்றும் எழுதிக்கொள்ளுங்கள். பிரெஞ்சு பிடிபடாதவர்கள் இந்த இரண்டாம் முறையில் ஒலியைக் குறைத்துவிட்டுப் பார்க்கலாம். இந்தப் படத்தின் இறுதியில் பேச்சு மிகக் குறைவு என்பதால் இழப்பு ஏதுமில்லை. எங்கள் குழுவில் பிரெஞ்சு தெரியாதவர்களே பல நேரங்களில் கூர்மையாகப் பார்த்தார்கள்.

கண்டதை மட்டும் எழுதுதல்

இது எளிது போலத் தோன்றும். இதில்தான் எல்லாரும் வழுக்குகிறார்கள். இடப்பக்கத்தில் வரவேண்டியது இவ்வளவுதான். வீட்டு எசமானர் டக்காருக்கு வருகிறார். அவர் கையில் தியூவானாவின் பெட்டியும் ஒரு மர முகமூடியும் இருக்கின்றன. ஏழைகள் வாழும் தெருக்களில் நடந்து, அவள் வீட்டைத் தேடுகிறார். அக்கம்பக்கத்தாருக்குக் கடிதம் எழுதிக் கொடுக்கும் ஓர் ஆசிரியர் வழிகாட்டுகிறார். அந்தச் சிறு வேடத்தில் வருபவர் இயக்குநர் செம்பேனேதான். எசமானர் தாயிடம் பெட்டியை ஒப்படைக்கிறார். பணத்தை நீட்டுகிறார். தாய் வாங்காமல் விலகிப் போகிறாள். ஒரு சிறுவன் முகமூடியை எடுத்து முகத்தில் பொருத்திக்கொள்கிறான். எசமானர் திரும்பி நடக்கிறார். முகமூடியணிந்த சிறுவன் பின்னாலேயே வருகிறான். அவர் திரும்பிப் பார்க்கிறார். நடை வேகமாகிறது. மறுபடியும் திரும்பிப் பார்க்கிறார். ஒரு நடைபாலத்தைக் கடந்து தன் வண்டியை நோக்கி விரைகிறார். சிறுவன் முகமூடியைக் கீழிறக்குகிறான். அவன் முகம் தெரிகிறது. படம் முடிகிறது.

எங்கள் தாள்களில் முதல் சுற்றில் என்ன எழுதப்பட்டிருந்தது தெரியுமா? “சிறுவன் பழி வாங்குகிறான்.” “எசமானர் குற்ற உணர்ச்சியால் ஓடுகிறார்.” “அவளுடைய ஆவி துரத்துகிறது.” இவை பிழையல்ல, ஆனால் வலப்பக்கத்தில் இருக்க வேண்டியவை. சிறுவன் அவரைத் தொடவில்லை, ஒரு சொல்கூடப் பேசவில்லை, ஒரு கல்லைக்கூட எறியவில்லை. அவன் செய்தது பின்னால் நடந்தது மட்டுமே. பின்னால் நடப்பவனைப் பார்த்து ஒரு வளர்ந்த மனிதர் ஏன் ஓட வேண்டும் என்ற கேள்வி, ‘துரத்துகிறான்’ என்று எழுதிவிட்டால் பிறக்காமலே போய்விடும்.

ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போதல்

இறுதிக் காட்சியில் ஒரு பொருள் அழுத்தமாகக் காட்டப்பட்டால், அது முதலில் எங்கே வந்தது, யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று தேடிப் போங்கள். இந்தப் படத்தில் அந்தப் பொருள் முகமூடி. வேலை கிடைத்த மகிழ்ச்சியில் தியூவானா அதை ஒரு சிறுவனிடமிருந்து வாங்கி எசமானிக்குப் பரிசாகக் கொடுக்கிறாள். டக்கார் வீட்டில் அது வேறு பல ஆப்பிரிக்கக் கலைப்பொருள்களின் நடுவே ஒன்றாக இடம்பிடிக்கிறது. ஆந்தீப் வீட்டிலோ வெள்ளைச் சுவரில் தன்னந்தனியாகத் தொங்குகிறது. ஊரிலிருந்து வந்தவள் அந்த வீட்டில் தனக்குத் தெரிந்த ஒரே முகமாக அதைக் காண்கிறாள். மனம் முறிந்த பிறகு அதைச் சுவரிலிருந்து கழற்றித் திரும்ப எடுத்துக்கொள்கிறாள். எசமானி பிடித்து இழுக்க, இருவரும் அதற்காகப் போராடுகிறார்கள். அவள் இறந்தபின் அது கடல் கடந்து ஊருக்குத் திரும்பி, ஒரு சிறுவனின் முகத்தில் ஏறுகிறது.

விளையாட்டுப் பொருள், பரிசு, அலங்காரம், வழக்குப்பொருள், கடைசியில் முகம் என்று அதே மரத்துண்டு ஐந்து நிலைகளைக் கடந்திருக்கிறது. நம் அக இலக்கியம் படித்தவர்களுக்கு இந்த வேலை புதிதல்ல. மரமும் பறவையும் விலங்குமாகிய கருப்பொருள்களைச் சொல்லி, சொல்லாத ஒன்றை உணர்த்துவதை உள்ளுறை என்று நம் இலக்கணம் பெயரிட்டு வைத்திருக்கிறது. எருமை தாமரையை மேய்ந்தது என்று பாட்டு சொன்னால் அது எருமையைப் பற்றி மட்டும் பேசவில்லை என்பதை உரையாசிரியர்கள் நமக்குச் சொல்லித் தந்தார்கள். ஆனால் அங்கே ஓர் ஒழுங்கு உண்டு: எருமை முதலில் எருமையாக இருந்தாக வேண்டும். முகமூடியைப் பார்த்ததும் “இது ஆப்பிரிக்கா” என்று ஒரே சொல்லில் மொழிபெயர்த்துவிடுபவர்கள் இந்த ஒழுங்கை மீறுகிறார்கள். அது முதலில் ஒரு சிறுவனிடமிருந்து வாங்கப்பட்ட, ஒருத்தி மனமுவந்து கொடுத்த, பிறகு மனமொடிந்து திரும்பக் கேட்ட ஒரு மரப்பொருள். கொடுத்ததைத் திரும்பக் கேட்பது நம்மிடையே எவ்வளவு பெரிய முறிவு என்பதை நினைத்துப் பார்த்தாலே அந்தச் சண்டைக் காட்சியின் கனம் விளங்கிவிடும்.

இது யாருடைய கூற்று?

தனிமையைக் காட்டும் படங்களில் இந்தக் கேள்வியைக் கட்டாயம் கேட்க வேண்டும். அகப்பாட்டைத் திறந்தால் முதலில் அடிக்குறிப்பைப் பார்ப்போம்: தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று. யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார் என்று தெரியாமல் பாட்டுக்குப் பொருள் சொல்ல முடியாது. இந்தப் படத்தில் எசமானர்களிடம் தியூவானா பேசுவது பெரும்பாலும் ஒன்றிரண்டு சொற்களே. ஆமாம் ஐயா, ஆமாம் அம்மா, அவ்வளவுதான். ஆனால் அவள் மனக்குரல் படம் முழுக்க ஓயாமல் பேசிக்கொண்டே இருக்கிறது. சமையலறையும் குளியலறையும் படுக்கையறையும் கூடமும்தான் தனக்குப் பிரான்ஸ் என்பதைக் கேள்வியும் கோபமுமாகச் சொல்லிக்கொண்டே போகிறது. தலைவிக்குத் தோழி வாய்க்காதபோது அவள் தன் நெஞ்சோடுதான் பேசவேண்டும். திருக்குறளின் 125ஆம் அதிகாரத்துக்கு ‘நெஞ்சொடு கிளத்தல்’ என்று பெயர். அங்கே அது காதலின் துயர், இங்கே அது கூலியின் துயர்.

இன்னொரு செய்தியும் இங்கே பயன்படும். திரையில் தியூவானாவாக நடித்தவர் செனகலைச் சேர்ந்த ம்பிசின் தெரேஸ் தியோப். நாம் கேட்கும் குரலோ ஹெய்ட்டியைச் சேர்ந்த பாடகி தோத்தோ பிசாந்துடையது. குரல் பேசுவது செனகலில் பரவலாகப் பேசப்படும் வொலோஃப் மொழியில்லை, சரளமான பிரெஞ்சு. இயக்குநர் இரண்டே ஆண்டுகளில், 1968இல், தன் அடுத்த முழுநீளப் படத்தை வொலோஃப் மொழியில் எடுத்தார் என்பதை நினைத்துக்கொண்டால், இந்தப் பிரெஞ்சுக் குரல் அவருக்கே உறுத்தியிருக்க வேண்டும் என்று ஊகிக்கலாம். இது வலப்பக்கத்தில் எழுத வேண்டிய ஊகம்தான். எப்படியிருந்தாலும், உடல் ஒருவரிடமும் குரல் வேறொருவரிடமும் இருப்பது, தன் கடிதத்தைக்கூடத் தானே எழுத முடியாத ஒருத்தியின் கதைக்குப் பொருந்தியே நிற்கிறது. தாயிடமிருந்து கடிதம் வந்தபோது அதைப் படித்துக் காட்டுபவரும், அவள் பெயரில் பதில் எழுதத் தொடங்குபவரும் எசமானரே. அந்தக் கடிதத்தை அவள் கிழித்துப் போடுகிறாள்.

இப்போது இறுதிக் காட்சிக்கு வாருங்கள். அந்த மனக்குரல் அங்கே இல்லை. அவளோடு சேர்ந்து குரலும் நின்றுவிட்டது. அதுவரை நமக்குள் பேசிக்கொண்டிருந்த ஒருத்தி இல்லாமல் போன வெறுமையை, அந்த நிமிடங்களை ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் உணர்வீர்கள்.

பணத்தைப் பற்றி ஒரு சொல்

நான் அந்தக் காட்சியை இருமுறை பார்த்தும், தாய் பணத்தை வாங்க மறுப்பதைத் துயரத்தின் அடையாளமாக மட்டுமே எழுதி வைத்திருந்தேன். புதுச்சேரியிலிருந்து வந்து இந்தத் தீவின் தலைநகரான சேன் தெனியில் முதியவர்களைப் பராமரிக்கும் வேலை பார்க்கும் ஓர் அக்கா, “தம்பி, நீங்க கணக்கு பாக்கல. அது அவ சம்பளம். உயிரோட இருந்தப்ப கேட்டதுக்கு இழுத்தடிச்சாங்க. இப்ப கொண்டாந்து நீட்டினா அதுக்குப் பேரு சம்பளமா?” என்றார். உழைப்புக்குக் கொடுக்க வேண்டியது சாவுக்குக் கொடுப்பதாக மாறிவிட்டது, வாங்கினால் மகளை விற்றதாகிவிடும் என்பதை அவர் அரை நிமிடத்தில் சொல்லிவிட்டார். தாயின் கை நீளாமல் போனதற்கு இதைவிடச் சரியான உரை எனக்குக் கிடைக்கவில்லை.

தலைப்பில் விடுபட்ட சொல்

படத்தின் பெயர் மூன்று புள்ளிகளோடு முடிவதைக் கவனித்தீர்களா? ‘நுவார்’ என்பது கறுப்பினப் பெண்ணைக் குறிக்கிறது. ‘தெ’ என்ற சிறு சொல்தான் சிக்கலானது. அது ஓர் ஊரிலிருந்து வந்தவள் என்றும் பொருள்படும். ஒருவருக்கு உடைமையானவள் என்றும் பொருள்படும். நம் இலக்கணத்தில் ஐந்தாம் வேற்றுமை நீங்கலையும் (ஓரிடத்தைவிட்டு விலகுவதையும்) ஆறாம் வேற்றுமை கிழமையையும் (உடைமையையும்) உணர்த்தும். இக்காலத்தில் ‘இன்’ என்ற உருபை நாம் இரண்டுக்கும் பயன்படுத்துவதால், “டக்காரின் பெண்” என்பதையும் “அந்த அம்மாளின் பெண்” என்பதையும் ஒரே உருபு தாங்கிவிடுகிறது. எங்கிருந்து வந்தவள் என்பதில் தொடங்கி யாருக்குச் சொந்தமானவள் என்பதில் போய் முடியும் ஒரு வாழ்க்கையை அந்த மூன்று புள்ளிகள் திறந்து வைத்திருக்கின்றன. எசமானருக்கும் எசமானிக்கும் படத்தில் பெயரே இல்லை என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் வெறும் முசே, மதாம், அதாவது ஐயா, அம்மா. புதுச்சேரிக்காரர்களுக்கு இந்தச் சொற்களை விளக்கத் தேவையில்லை. பெயருள்ளவள் ஒருத்திதான், அவளுக்கு வாழ இடமில்லை.

முடிவில் புதியவர் யார்?

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ள முடியுமானால் இந்தக் கேள்வியை வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வந்தவரைப் பற்றிய எந்தப் படத்திலும், தொடக்கத்தில் புதியவராக இருந்தவர் முடிவிலும் புதியவராகவே இருக்கிறாரா, அந்த இடம் வேறு யாருக்காவது கைமாறிவிட்டதா என்று பாருங்கள்.

டக்காரின் அந்தச் சந்துகளில் எசமானரைத் திரும்பவும் பாருங்கள். அவருக்கு வழி தெரியவில்லை. விசாரித்துக்கொண்டு வருகிறார். கையில் பெட்டி இருக்கிறது. எல்லாரும் பார்க்கிறார்கள், யாரும் வரவேற்கவில்லை. பேசுவதற்கு இடையில் ஒருவர் தேவைப்படுகிறார். நீட்டியதை வாங்க ஆளில்லை. திரும்பிப் போகும்போது வழியனுப்பவும் எவருமில்லை. பின்னால் வருவது ஒரு முகமூடி. ஒரு மணி நேரத்துக்கு முன் கப்பலிலிருந்து பெட்டியோடு இறங்கியவள் நின்ற அதே இடத்தில் இப்போது இவர் நிற்கிறார். அவளுக்கும் இவருக்கும் ஒரே வேறுபாடு, இவருக்கு ஏறிப் போக வண்டி காத்திருக்கிறது. அந்த வண்டி வரையிலான தூரத்தைத்தான் அவர் ஓடிக் கடக்கிறார். சிறுவன் துரத்தாமலே அவர் ஓடுவதற்கு இதைவிட வேறு காரணம் தேவையா என்று எனக்குத் தோன்றவில்லை. பார்க்கப்படும் பொருளாக இருப்பது எப்படியிருக்கும் என்பதை, சுவரில் முகமூடியை மாட்டி வைத்துப் பார்த்தவர், அதே முகமூடியின் கண்துளைகள் வழியாகத் தான் பார்க்கப்படும்போது உணர்கிறார்.

நார்ல்கோனில் வேடம் கட்டிய முதியவர் ஒருவர் எங்கள் குழுவுக்கு வருவதுண்டு. பாட்டெல்லாம் மனப்பாடம், தமிழில் பேசச் சொன்னால் சிரித்துவிட்டுக் கிரியோலுக்குத் தாவிவிடுவார். கடைசியில் சிறுவன் முகமூடியை இறக்கும் இடத்தில் எல்லாரும் “ஏன்?” என்று கேட்டுக்கொண்டிருந்தபோது, அவர் தம் கிரியோலில் சொன்னதைத் தமிழில் இப்படிச் சொல்லலாம்: “வேடம் கட்டினவன் உள்ளே போய்த்தான் கிரீடத்தைக் கழற்றுவான். சனங்க முன்னாலேயே கழற்றினால், இனிமேல் பார்க்கிறது ராசா இல்லை, நான்தான் என்று அர்த்தம்.” முகமூடி கீழே வரும்போது எசமானர் போய்விட்டார். அந்தச் சிறுவனின் முகத்துக்கு எதிரே இருப்பவர்கள் நாம் மட்டுமே. பாரீசிலோ டக்காரிலோ சேன் ஆந்த்ரேயிலோ உட்கார்ந்து பார்ப்பவர் தாம் யார் பக்கத்தில் நிற்கிறோம் என்று யோசிக்க வேண்டிய கட்டம் அது.

கனவா நனவா என்ற கேள்வியில் சிக்கிக்கொள்ளாமை

இதே கேள்வியை வேறொரு படத்தில் போட்டுப் பார்க்கலாம். ஜாக் ஓதியார் இயக்கி 2015இல் கான் விழாவில் தங்கப் பனை வென்ற ‘தீபன்’ நம்மில் பலர் பார்த்தது. எழுத்தாளர் ஷோபாசக்தி முதன்மை வேடத்தில் நடித்திருக்கிறார். போருக்குப் பின் முன்பின் அறியாத மூவர் ஒரு குடும்பம்போலச் சேர்ந்து பிரான்சுக்கு வருகிறார்கள். புறநகர்க் குடியிருப்பில் அவர்களைச் சூழும் வன்முறை, புகை நிறைந்த படிக்கட்டில் உச்சத்தை அடைகிறது. அடுத்த காட்சியில் இங்கிலாந்து. வெயில், தோட்டம், உறவும் நட்பும், ஒரு கைக்குழந்தை, தீபனின் தலைமயிரைக் கோதும் கை. அது உண்மையில் நடந்ததா, சாகும் தறுவாயில் கண்ட கனவா என்று எங்கள் அறையில் இரவு ஒன்பது மணிவரை சண்டை நடந்தது.

என் முடிவு, அந்தச் சண்டையில் வெல்பவர்க்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது என்பதுதான். படத்தில் சான்றுகள் இரு பக்கமும் இருக்கின்றன. இயக்குநர் பூட்டைத் திறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ‘முடிவில் புதியவர் யார்?’ என்று கேட்டால் வேறொன்று புலப்படும். அந்தத் தோட்டத்தில் புதியவரே இல்லை. எல்லாரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள்போல இருக்கிறார்கள். அதுவரை மொழி தெரியாமல், அண்டை வீட்டாரைப் புரியாமல், ஒரே கூரையின் கீழ் இருப்பவர்களையே அறியாமல் தவித்த ஒருவனுக்கு, யாருமே அந்நியரில்லாத ஓர் இடம் எப்படித் தோன்றுமோ அப்படித்தான் அது படமாக்கப்பட்டிருக்கிறது. கனவுபோல இருக்கிறது என்று நமக்குப் படுவது அதனால்தான். நனவாகவே இருந்தாலும் அது அவனுக்குக் கனவுபோலத்தான் இருக்கும்.

எங்கள் நினைவை எவ்வளவு கொண்டுவரலாம்?

இந்தத் தீவில் இது எளிய கேள்வியில்லை. 1962க்கும் 1984க்கும் இடையில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ரெயூனியன் பிள்ளைகள் பிரான்சின் மக்கள்தொகை குறைந்த குரேஸ் போன்ற மாவட்டங்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அதில் அரசுக்குள்ள தார்மீகப் பொறுப்பைப் பிரெஞ்சு நாடாளுமன்றம் 2014இல்தான் தீர்மானமாக ஏற்றுக்கொண்டது. 1963 முதல் அரசே அலுவலகம் அமைத்துத் தீவின் இளைஞர்களையும் பெண்களையும் வேலைக்காகத் தாயகம் என்று சொல்லப்பட்ட பிரான்சுக்கு அனுப்பி வைத்தது. ஆகவே தியூவானாவைப் பார்த்து இங்கே ஒருவர் தன் பெரியம்மாவை நினைத்தால் அதில் வியப்பில்லை, நினைக்காமலிருந்தால்தான் வியப்பு. அந்த நினைவைச் சொல்லுங்கள், தடையில்லை. ஆனால் தாளில் மூன்றாவதாக ஒரு பத்தி பிரித்து அங்கே எழுதுங்கள். பெரியம்மா திரும்பி வந்தார், தியூவானா வரவில்லை. செனகல் 1960இல் விடுதலை பெற்றது, இந்தத் தீவு 1946 முதல் பிரான்சின் ஒரு மாவட்டமாகவே இருக்கிறது. அடுத்தடுத்து எழுதி வைத்தால் ஒற்றுமையோடு வேற்றுமையும் தெரியும். ஒன்றை மற்றொன்றின்மேல் எழுதினால் இரண்டுமே அழிந்துபோகும்.

கடைசியாக, தொடக்கத்துக்குத் திரும்புதல்

இறுதிக் காட்சியைப் பற்றிப் பேசி முடித்ததும் எல்லாரும் களைத்திருப்பார்கள், தேநீர் ஆறியிருக்கும். அப்போதும் படத்தின் முதல் சில நிமிடங்களை மட்டும் மறுபடி போடுங்கள். நாங்கள் இதை ஒருமுறையும் தவறவிடுவதில்லை.

ஒரு பெரிய கப்பல் துறைமுகத்துக்குள் வருகிறது. நல்ல உடை உடுத்திய ஓர் இளம்பெண் பெட்டியோடு இறங்குகிறாள். தன்னை அழைத்துப்போக யாராவது வந்திருப்பார்களா என்று அவள் மனக்குரல் கேட்கிறது. படத்தில் அவள் கேட்கும் முதல் கேள்வியே அதுதான். எசமானர் வந்திருக்கிறார். பயணம் நன்றாக இருந்ததா என்று விசாரித்து, வண்டியில் ஏற்றிக்கொள்கிறார். முதல் முறை பார்க்கும்போது அந்தக் கேள்வி சாதாரண உபசாரமாகக் காதில் விழுந்து போயிருக்கும். இப்போது, நடைபாலத்தில் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு ஓடிய அந்த முதுகை நீங்கள் அறிந்த பிறகு, அவர் வண்டிக் கதவைத் திறந்துவிடும்போது உங்கள் கண் எங்கே போகிறது என்று பாருங்கள். எங்கள் அறையில் எல்லார் கண்ணும் அவள் கையிலிருந்த பெட்டிக்குத்தான் போயிற்று.